சுருக்கத்தில் இல்லாத எண்

கடைசி வரியைப் படித்ததும் கணினியின் மூஞ்சியிலேயே ஒரு குத்து விடலாமா என்று வந்தது யாம்னாவுக்கு. "நோயுற்ற பேரீச்ச மரத்திலிருந்து எத்தனை தூரத்தில் பள்ளம் வெட்டினால் வேர்வழியாகப் பரவும் தொற்று நின்றுபோகும் என்பது இவ்வாய்வில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது." நிறுவப்பட்டுள்ளதாம்! எத்தனை மீட்டர்? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கட்டுரையின் சுருக்கம் அந்த வரியோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே ஒரு பொத்தான்: முழுப் பிரதிக்கு விண்ணப்பிக்கவும்.

மேசைக்கு எதிரே மீமூன் உட்கார்ந்திருந்தான். அவளுடைய சித்தி மகன். மடியில் ஒரு பேரீச்ச மட்டை. அதன் ஒரு பக்கத்து இலைகள் பச்சை, மறு பக்கத்து இலைகள் சாம்பலடித்தாற்போல் வெளுப்பு.

"என்னக்கா, கிடைச்சுதா?"

"எல்லாம் கிடைச்சுது. எண்ணு மட்டும் இல்ல."

"அந்த எண்ணுக்குத்தானே வந்தேன்?"

"என்னை என்னடா செய்யச் சொல்றே? சமையல் குறிப்பு எழுதிட்டு உப்பு எவ்வளவுன்னு மட்டும் விட்டுட்டான் பாவி."

வெள்ளை நோய் என்றால் அவர்களுடைய ஐன் தமா ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். முதலில் ஒரு மட்டை வெளுக்கும், அப்புறம் அதற்குப் பக்கத்து மட்டை, அப்புறம் குருத்து. குருத்து வெளுத்தால் மரம் போயிற்று. மருந்து கிடையாது. வேர் வழியாகவும் பாயும் நீர் வழியாகவும் அடுத்த மரத்துக்குப் போகும். மீமூனின் தோட்டத்தில் அறுபத்துநான்கு மரங்கள். அதில் ஒன்றுக்கு வந்துவிட்டது. வேளாண் அலுவலகத்தின் சட்டப்படி நோய் கண்ட மரத்தைச் சுற்றி முப்பது மீட்டருக்குள் இருப்பதையெல்லாம் வெட்டி எரிக்க வேண்டும். முப்பது மீட்டர் என்றால் மீமூனின் தோட்டம் முழுக்க, வேலியையும் சேர்த்து.

"முப்பதுங்கிறது எவனோ பயந்தாங்கொள்ளி போட்ட கணக்கு" என்றாள் யாம்னா. "சரியான தூரத்துல பள்ளம் வெட்டினா அஞ்சாறு மரத்தோட போயிடும். அந்தத் தூரம் இந்தக் கட்டுரையில இருக்கு. ரெண்டு வாரம் பொறு. நான் வாங்கித் தரேன்."

"அதுவரைக்கும் எரிக்க வர்றவங்களை என்ன செய்ய?"

"நிலையத்துலேருந்து ஒரு கடுதாசி போடறேன். ஆராய்ச்சி முடிவு வர்ற வரைக்கும் மரத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு."

கடுதாசி போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆவணப் பிரிவு அவள் கையில். உலகத்தில் நூற்றுச் சொச்சம் நாடுகள் சேர்ந்து ஒரு தகவல் வலை நடத்துகின்றன. ஒவ்வொரு நாடும் தன் விவசாய ஆராய்ச்சிகளை அதன் பொதுப் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஒருத்தர் கண்டுபிடித்ததை இன்னொருத்தர் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது, அதுதான் நோக்கம். ஐன் தமாவின் சார்பில் பட்டியலில் ஏற்றுவது யாம்னாவின் வேலை. பிழையில்லாமல் ஏற்றியதற்கு வலையின் தலைமையகம் அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட அனுப்பியிருந்தது. அந்த ஏற்பாட்டின் மேல் அவளுக்கு உண்மையான பக்தி இருந்தது. அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கட்டுரையை எழுதிய டாக்டர் தஹ்மானி இருப்பது பெனி ஸிலாவில். நிலையத்து மொட்டை மாடியில் ஏறி நின்றால் பெனி ஸிலா ஆய்வு நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் நடக்க முடியாது. நடுவில் எல்லை, இது மொராக்கோ, அது அல்ஜீரியா. மீமூனுக்கு மீசை முளைக்கும் முன்பே மூடிய எல்லை அது. ஆகவே விண்ணப்பம் ஐன் தமாவிலிருந்து தலைநகருக்குப் போக வேண்டும், அங்கிருந்து கடல் தாண்டித் தலைமையகத்துக்கு, அங்கிருந்து மறுபடி கடல் தாண்டி அந்த நாட்டுத் தலைநகருக்கு, அங்கிருந்து பாலைவனம் கடந்து பெனி ஸிலாவுக்கு. பதில் அதே வழியில் திரும்ப வேண்டும்.

இயக்குநர் ஸி லஹ்பீப் விண்ணப்பத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நேரா அந்த ஆளுக்கு எழுதிடாதீங்க, லல்லா யாம்னா. அவங்க வேற நாடு."

"தெரியும், ஸி லஹ்பீப். மாடியில ஏறினாலே தெரியுது."

"கிண்டல் வேணாம். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முறைப்படிதான் அனுப்பறேன். கையெழுத்துப் போடுங்க."

"மூணு பிரதி வேணும்."

அவள் ஐந்து பிரதி கொண்டுவந்திருந்தாள். அவரைத் தெரியாதா அவளுக்கு!

அது அக்டோபர். பேரீச்சங்குலைகளை வெட்டி இறக்கிக்கொண்டிருந்த நேரம்.

நவம்பர் கடைசியில் தலைநகரிலிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் தாவரப் பாதுகாப்பு என்ற பிரிவில் போடப்பட்டுள்ளது, பள்ளம் வெட்டுவது மண் மேலாண்மையில் சேரும், திருத்தி அனுப்பவும். திருத்தி அனுப்பினாள். டிசம்பரில் தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல், தங்கள் விண்ணப்பம் கிடைத்தது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஜனவரியில் இன்னொன்று, தங்கள் ஆர்வத்துக்கு மீண்டும் நன்றி, சேவையின் தரம் பற்றி ஒரு சிறு கேள்வித்தாளை நிரப்ப இயலுமா? யாம்னா அன்றைக்கு நிலையத்தின் காவலாளியிடம், சமையற்காரியிடம், தபால்காரரிடம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள்.

பிப்ரவரியில் வந்ததுதான் உச்சம். ஐன் தமா நிலையம் இரண்டு வருடமாகத் தன் ஆய்வுகளைப் பட்டியலில் ஏற்றவில்லை, பாக்கியை ஏற்றும்வரை முழுப் பிரதிச் சேவை நிறுத்தி வைக்கப்படுகிறது. அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸி லஹ்பீப்பின் அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள்.

"பதினேழு அறிக்கை தயாரா இருக்கு, ரெண்டு வருஷமா. ஏன் ஏத்தலன்னு அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ஆசிரியர் வரிசை இன்னும் முடிவாகலையே. என் பேரு எந்த இடத்துல வரணும்கிறது..."

"பதினேழுலயும் உங்க பேரா? தோட்டத்துப் பக்கம் நீங்க எட்டிப் பார்த்ததே இல்லையே!"

"வழிகாட்டினது யாரு?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் மீமூன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். அந்த ஐந்து மாதத்தில் அவனுக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"ரெண்டு வாரம்னே, அக்கா."

"தெரியும்டா."

"இப்ப நாலு மரம் வெளுத்திருக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ என் தண்ணி முறை வருது. பாய்ச்சினா நோய் பரவும், பாய்ச்சலன்னா மரம் காயும். உன் உலக வலைகிட்ட சொல்லு, மரத்துக்குக் கேள்வித்தாளை நிரப்பத் தெரியாதுன்னு."

"என்னைக் குத்தாதடா. எனக்கு மட்டும் என்ன, சந்தோஷமா இருக்கா?"

"நான் ஒண்ணு சொல்லட்டா? அந்த டாக்டரோட ஜீப்பை ஓட்டறது நம்ம ரஹ்மா அத்தை மகன் கத்தூர்தான்."

யாம்னா அவனை முறைத்தாள். "இதை அக்டோபர்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னேனே! முறைப்படிதான் போகணும்னு நீதானே என் வாயை அடைச்சே."

சொல்லியிருந்தான். அவளுக்கு ஞாபகம் வந்தது. சண்டையைத் தொடராமல் கத்தூருக்குப் போன் போடச் சொன்னாள். கத்தூர் டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுநாள் பதில் சொன்னான். எழுத்தில் தர மேலிட அனுமதி வேண்டும். போனில் சொன்னால் யார் கேட்பார்களோ தெரியாது. டாக்டருக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம்தான், ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவர் ஆற்றங்கரைக்கு வருவார். கரையில் நின்று சொந்தக்காரர்களோடு கத்தக் கூடாதென்று இதுவரை எவனும் சட்டம் போடவில்லை.

ஆறு என்று பெயர்தான். மழை பெய்த இரண்டு நாளைக்குத் தண்ணீர் ஓடும், மிச்ச நாளெல்லாம் கூழாங்கல். இந்தக் கரையில் கம்பிவேலி, அந்தக் கரையில் அகழி, இரண்டு பக்கமும் சிப்பாய்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு கரையிலும் சனம் கூடிவிடும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் மௌத்தானார், எந்தப் பெண்ணுக்கு நிச்சயம் என்பதெல்லாம் அங்கே தொண்டை கிழியக் கத்தித்தான் நடக்கிறது. போன் வந்த பிறகும் வருகிறார்கள். நேரில் முகத்தைப் பார்க்க வேண்டாமா?

வாழ்நாளில் எதையும் எழுத்தில் இல்லாமல் ஒப்புக்கொள்ளாத யாம்னா, அந்த வெள்ளிக்கிழமை முக்காட்டை இறுக்கிக்கொண்டு வேலியோரம் போய் நின்றாள். எதிர்க்கரையில் கத்தூர் கையாட்டினான். அவன் பக்கத்தில் ஓர் ஒல்லியான மனிதர், தலையில் வெள்ளைத் தொப்பி.

"டாக்டர்!" என்று கத்தினாள். "பள்ளம் எத்தனை மீட்டர் தள்ளி வெட்டணும்?"

"மரத்துலேருந்து ஆறு மீட்டர்!" என்று பதில் வந்தது. வயசுக்கு மீறிய குரல். அதோடு அவர் ஒரு கையின் ஐந்து விரல்களையும் மறு கையின் ஒரு விரலையும் தூக்கிக் காட்டினார். "ஆறு! ஆழம் ரெண்டு! உள்ளே இருக்கறதை எல்லாம் எரிச்சிடுங்க! ஒரு வருஷம் அந்த வட்டத்துக்குள்ள தண்ணி விடாதீங்க!"

அவ்வளவுதான். ஐந்து மாதம், இரண்டு தலைமை அலுவலகங்கள், ஒரு கேள்வித்தாள். வந்து சேர்ந்தது அரை நிமிடத்தில். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "ஆறு மீட்டராம், குறிச்சிக்கோ" என்று மீமூனின் முதுகில் தட்டினார். வேலியில் சாய்ந்திருந்த சிப்பாய்கூடச் சிரித்தான்.

"அல்லாஹ் உங்களுக்கு நன்மை செய்யட்டும், டாக்டர்!"

"எட்டு வருஷமாச்சும்மா, அந்த எண்ணைக் கண்டுபிடிக்க! எங்க பக்கம் இருநூறு மரம் போச்சு! நீங்க யாரு? மீமூனுக்கு என்ன வேணும்?"

"அக்கா முறை! ஐன் தமா நிலையத்துல ஆவணப் பிரிவு! பேரு யாம்னா!"

எதிர்க்கரையில் அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அவளை உற்றுப் பார்த்தார். கத்தூர் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"யாம்னா பென் அலூஷா?"

"ஆமா!"

"உங்களுக்கு நான் கடுதாசி போட்டிருக்கேன்! பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி!" என்றார். கையை உயர்த்தி விடைபெற்றுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது மீமூன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வெள்ளிக்கிழமை, நிலையத்துக்கு விடுமுறை மாதிரிதான். ஆனாலும் இறங்கியதும் காவலாளியிடம் சாவி வாங்கித் திறந்தாள்.

அவள் எதையும் தூக்கிப் போடுகிறவள் அல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பு, இருக்க வேண்டிய அலமாரியில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பெனி ஸிலாவிலிருந்து மூன்று கடிதங்கள், வந்த முத்திரையோடு. "எங்கள் பகுதியில் வெள்ளை நோய் பரவிவருகிறது. உங்கள் நிலையத்தின் வடக்குத் தோட்டத்தில் நடந்த பள்ளச் சோதனையின் முடிவைத் தந்து உதவ வேண்டுகிறேன்." முதல் கடிதம் மரியாதையாக இருந்தது, இரண்டாவது அவசரமாக, மூன்றாவது கெஞ்சலாக. முதல் இரண்டுக்கும் பதிலின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. "தாங்கள் கோரும் அறிக்கை வெளியிடப்படாதது. ஆகவே பகிர இயலாது. உரிய வழியில் விண்ணப்பிக்கவும்." கீழே அவளுடைய கையெழுத்து, ஒரு சுழி கூடக் குறையாமல். மூன்றாவதுக்கு அவள் பதிலே போடவில்லை. ஓரத்தில் 'ஏற்கெனவே பதிலளிக்கப்பட்டது' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

அந்த நாளில் அந்த அறிக்கையை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெளியாகாத அறிக்கையைப் பட்டியலில் ஏற்ற முடியாது, பட்டியலில் இல்லாதது அவளுக்குத் தெரியாது. மீமூன் வெளுத்த மட்டையோடு வந்து நின்ற அன்றைக்கும் நூற்றுச் சொச்சம் நாடுகளின் ஆராய்ச்சியைத் தேடினாளே தவிர, முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் தேட அவளுக்குத் தோன்றவில்லை.

பீரோவின் அடித்தட்டில் இருந்தது. தட்டச்சு அடித்த அறுபது பக்கம், எண்பத்தாறாம் வருடத்து அறிக்கை. எழுதிய வல்லுநர் எப்போதோ இறந்துவிட்டார். அன்றைய இயக்குநரின் பெயர் எங்கே வர வேண்டும் என்ற தகராறில் வெளியீட்டு முத்திரை விழாமலே நின்றுபோயிருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம். மரத்திலிருந்து ஆறு மீட்டர், ஆழம் இரண்டு.

யாம்னா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதமாக யார் யாரையெல்லாம் திட்டியிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை ஸி லஹ்பீப் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இது வெளியாகாததாச்சே, மீமூனுக்கு எப்படிச் சொல்லலாம்?" என்பதுதான்.

"அவனுக்கு ஆத்தங்கரையில சொல்லியாச்சு. ஊருக்கே சொல்லியாச்சு. உங்க காதுல மட்டும்தான் இன்னும் விழல."

"என் ஒப்புதல் இல்லாம..."

"எழுதிக்கோங்க, ஸி லஹ்பீப். மூணு பிரதி எடுத்து மேலிடத்துக்கு அனுப்புங்க. எங்கே கையெழுத்துப் போடணுமோ நானே போடறேன்."

அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் அந்த அறிக்கையையும், தேங்கிக் கிடந்த பதினேழையும் அவள் உலகப் பட்டியலில் ஏற்றினாள். பெயர்களை வேலை செய்தவர்களின் வரிசையில் போட்டாள். சுருக்கத்தின் முதல் வரியிலேயே எண்ணைப் போட்டாள்.

புதன்கிழமை மீமூனின் தோட்டத்துக்குப் போனாள். ஏழெட்டு ஆட்கள் இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். நோய் கண்ட நான்கு மரங்களைச் சுற்றியும் ஆறு ஆறு மீட்டர் என்று வட்டம் போட்டதில் பத்தொன்பது மரங்கள் உள்ளே விழுந்தன. அக்டோபரிலேயே முதல் மரத்தை மட்டும் சுற்றி வெட்டியிருந்தால் ஐந்தோடு போயிருக்கும். வெட்டிச் சாய்த்த மரங்கள் ஒரு பக்கம் புகைந்துகொண்டிருந்தன. மீமூனின் மனைவி அந்தப் பக்கம் திரும்பாமல் ஆட்களுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மீமூன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். யாம்னா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அந்த எண்ணு எங்க பீரோவுல இருந்துதுடா."

"எந்த பீரோ?"

"என் நாற்காலிக்குப் பின்னால இருக்குமே, அதுல."

"எப்பலேருந்து?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து."

அவன் புகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கை மண்ணைச் சட்டையில் துடைத்தான்.

"திட்டுடா" என்றாள். "வாய் விட்டுத் திட்டிடு. இப்படிப் பார்க்காதே."

"திட்டினா பதினாலு மரமும் எழுந்து நிக்குமா?" அவன் மறுபடி பள்ளத்தில் இறங்கினான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்கு பதினாலு மரம். அந்த மனுஷனுக்கு எட்டு வருஷம், இருநூறு மரம். வெள்ளிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். அவர்கிட்ட நீயே சொல்லு."

எழுதி அனுப்பலாமே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அந்த எண்ணத்தின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை கரையில் நல்ல கூட்டம். அந்தப் பக்கம் யாருக்கோ பிள்ளை பிறந்திருந்தது, குலவைச் சத்தம் ஓயவில்லை. டாக்டர் வந்திருந்தார். கத்தூர் சொல்லி அழைத்து வந்திருக்க வேண்டும். யாம்னா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்! நீங்க கேட்ட அறிக்கை எங்ககிட்டயே இருந்துது! எண்பத்தாறுலேருந்தே இருந்துது! அதுலயும் ஆறு மீட்டர்னுதான் போட்டிருக்கு!"

குலவை நின்றுவிட்டது. இரண்டு கரையிலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் அவள் கத்தினாள். "நான் திறந்தே பார்க்கல! பார்க்காமலே தர முடியாதுன்னு எழுதிட்டேன்! என்னை மன்னிச்சிடுங்க!"

டாக்டர் தஹ்மானி அகழியின் விளிம்புவரை நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இருக்குன்னு எனக்குத் தெரியும்மா!" என்றார். "எல்லையை மூடறதுக்கு முன்னாடி அதை எழுதினவரே என்கிட்ட சொன்னாரு! எண்ணை மட்டும் சொல்லல, முத்திரை விழட்டும் அனுப்பறேன்னாரு! உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சுதானே மூணு தடவ கேட்டேன்!"